தேசிய அளவில் ஒரு மருத்துவ ஆய்வு வலையமைப்பை எப்படி அமைப்பது? அதை யார் நிர்வகிக்க வேண்டும்?

"கொரோனா காலத்தில் இங்கிலாந்து செய்ததைப்போல, இந்தியாவிலும் எல்லா மருத்துவமனைகளையும் இணைத்து ஒரே ஆய்வு வலையமைப்பை உருவாக்க முடியாதா? டெல்லியில் ஒரு வாரியம் அமைத்தால் போதாதா?" என்பது கேள்வி.

முடியும். ஆனால் வாரியத்திலிருந்து தொடங்கினால் முடியாது. பல மையங்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்திருக்கிறேன். வாரியங்களுக்கு நம்மிடம் பஞ்சம் வந்ததே இல்லை. நோயாளியின் கட்டில் அருகே உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தை நிதானமாக விளக்கவும், அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுத்து அன்றே பதிவு செய்யவும் சம்பளம் கொடுத்து வைக்கப்பட்ட ஆளுக்குத்தான் பஞ்சம்.

இங்கிலாந்து எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். 2001-இல் புற்றுநோய்க்கு மட்டும் ஒரு வலையமைப்பை நிறுவினார்கள். ஆய்வுகளில் சேரும் புற்றுநோயாளிகளின் எண்ணிக்கையை மூன்று ஆண்டுகளில் இரண்டு மடங்காக்க வேண்டும் என்பது இலக்கு, அதை எட்டினார்கள். புதிய கட்டடம் எழுப்பி அல்ல. பணத்தின் பெரும்பகுதி ஆய்வுச் செவிலியர்களுக்கும் தரவுப் பணியாளர்களுக்கும் சம்பளமாகப் போனது. ஒரு ஆய்வு முடிந்தால் அந்தச் செவிலியர் வீட்டுக்குப் போகவில்லை, அடுத்த ஆய்வுக்கு மாறினார். இங்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் பந்தல் போட்டுப் பிரிப்பதைப்போல ஆய்வுக்கு ஆய்வு ஒப்பந்த ஆட்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மிகத் தேர்ந்த செவிலியர் ஒருவர், அடுத்த ஆய்வு வருமா என்று தெரியாத நிலையில், காப்பீட்டு நிறுவன வேலைக்குப் போய்விட்டார். சில மாதங்களிலேயே புதிய ஆய்வு வந்தது. மறுபடி முதலிலிருந்து பயிற்சி.

அடுத்த படி 2006. அதுவரை அந்நாட்டுத் தேசிய சுகாதாரச் சேவையின் ஆய்வுப் பணம், பெரிய போதனா மருத்துவமனைகளுக்குப் பழைய கணக்குப்படி மொத்தத் தொகையாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் என்ன ஆய்வு நடந்தது என்று துருவிக் கேட்பார் குறைவு. சுகாதாரத் துறையின் ஆய்வுப் பிரிவுத் தலைவராக இருந்த சாலி டேவிஸ் முன்னின்று தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியபோது, அந்தப் பணத்தை மையத்துக்கு இழுத்து, போட்டியின் பேரிலும் நடந்த வேலையின் பேரிலும் திருப்பிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் அந்தச் சீர்திருத்தத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பரம்பரை மானியம்போல வந்துகொண்டிருந்ததை நிறுத்தத் துணியாத எந்த அமைப்பும் வெறும் பெயர்ப்பலகைதான்.

நிர்வாக அமைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 2014 முதல் இங்கிலாந்தை 15 வட்டாரங்களாகப் பிரித்தார்கள் (2024-இல் அது 12 ஆனது). ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மருத்துவமனை நிறுவனம் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பணத்துக்கும் ஆட்களுக்கும் பொறுப்பேற்றது. மேலே ஒரு ஒருங்கிணைப்பு மையம். இதில் கவனிக்க வேண்டியது, வலையமைப்பு எதைச் செய்யவில்லை என்பது. எந்த மருந்தை ஆராய வேண்டும் என்று அது தீர்மானிப்பதில்லை. ஆய்வுக் கேள்விக்குப் பணம் கொடுப்பது வேறொரு குழு, அறநெறி பார்ப்பது இன்னொரு குழு, மருந்துக்கு உரிமம் தருவது மற்றொரு அமைப்பு. வேறிடத்தில் தேறி வந்த ஆய்வை வார்டில் நடத்திக் கொடுப்பது மட்டுமே வலையமைப்பின் வேலை. நம் ஊரில் இவை எல்லாவற்றையும் ஒரே தலைவரின் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசை அதிகம். அப்படிச் சேர்த்தால் தலைவரின் துறைக்கே ஆய்வுகள் போகும். இதைச் சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

இனி கொரோனா. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் தலைமையேற்ற, கொரோனாவுக்கு எந்த மருந்து பலிக்கும் என்று பார்த்த 'ரெக்கவரி' ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது. ஜூன் மாதத்துக்குள் 175-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 11,000-க்கும் அதிகமான நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள். ஜூன் 5-இல் மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பயனில்லை என்று அறிவித்தார்கள். ஜூன் 16-இல் டெக்ஸாமெதசோன் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மலிவான ஸ்டீராய்டு அது.

இதைப் பார்த்து "அவர்களிடம் பணம் இருக்கிறது" என்று சொல்பவர்கள் அதிகம். பணம் மட்டுமென்றால் அமெரிக்கா முந்தியிருக்க வேண்டும். இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. முதலாவது, படிவங்களின் எளிமை. நெருக்கடியில் இருக்கும் மருத்துவர் சில நிமிடங்களில் நிரப்பக்கூடிய இணையப் படிவம், பிறகு 28 நாளில் இன்னொன்று, மீதித் தகவலை ஏற்கெனவே இருந்த சுகாதாரப் பதிவுகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதைப் பற்றித்தான் நம்மவர்கள் பேசுவதே இல்லை: மறுக்கும் அதிகாரம். பொதுச் சுகாதார அவசரம் என்ற முத்திரை பெற்ற ஆய்வுகளுக்கே வலையமைப்பின் ஆட்கள் முதலில் ஒதுக்கப்பட்டார்கள். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் எல்லா மருத்துவமனைகளுக்கும் கடிதம் எழுதி, நோயாளிகளை இந்தத் தேசிய ஆய்வுகளில் சேர்க்கும்படியும், ஆய்வுக்கு வெளியே நிரூபிக்கப்படாத மருந்துகளைக் கொடுப்பதைத் தவிர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். ஆளாளுக்கு முப்பது பேரை வைத்து ஒரு கட்டுரை எழுதும் வழக்கத்துக்கு இதனால் ஒரு கடிவாளம் விழுந்தது.

உலகின் பிற பகுதிகளில் என்ன நடந்தது? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் கொரோனா மருந்தாய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, போதுமான ஆட்களோடு வடிவமைக்கப்பட்டவை ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்று தெரிந்தது. மற்றவற்றில் கலந்துகொண்ட நோயாளிகளின் நல்லெண்ணம் வீணானது. எனவே ஆட்சிக் குழுவின் முதல் வேலை எது என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்வதுதான் என்பேன். அதைச் சொல்ல முடியாத குழு எத்தனை முறை கூடினாலும் தேநீர்ச் செலவுதான் மிச்சம்.

இங்கிலாந்தை அப்படியே புகழ்ந்துகொண்டும் இருக்க முடியாது. எத்தனை பேரைச் சேர்த்தாய் என்பதை வைத்து வட்டாரங்களுக்குப் பணம் பிரித்ததால், எளிதாக ஆள் சேரும் ஆய்வுகளின் மீது எல்லோருக்கும் கண் போனது. கேள்வித்தாள் நிரப்பும் ஆய்வில் ஆயிரம் பேரைச் சேர்ப்பதும் அரிய நோய்க்கு ஐந்து பேரைத் தேடிப் பிடிப்பதும் ஒன்றல்லவே. இதற்காக ஆய்வின் கடினத்துக்கு ஏற்ப எடை போட்டார்கள்; ஓரளவு சரியானது. அவசர ஆய்வுகளுக்கு ஆட்களைத் திருப்பியதில் மற்றவை முடங்கின, பிறகு எழவும் சிரமப்பட்டன. 2023-இல் முன்னாள் சுகாதார இணையமைச்சர் ஜேம்ஸ் ஓ'ஷானசி அரசுக்குக் கொடுத்த அறிக்கை, நிறுவனங்கள் நடத்தும் மருந்தாய்வுகளில் சேர்ந்தோர் எண்ணிக்கை 2017-18-க்கும் 2021-22-க்கும் இடையே 44 விழுக்காடு சரிந்ததாகச் சொன்னது. முன்னுரிமை கொடுத்தால் யாருக்கோ பின்னுரிமை கிடைக்கத்தான் செய்யும். அதை யார், எவ்வளவு காலத்துக்கு முடிவு செய்வது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், இந்தியா இங்கிலாந்து அல்ல. அங்கே ஒரே சுகாதாரச் சேவை, ஒவ்வொருவருக்கும் ஒரே எண். இங்கே அரசு மருத்துவக் கல்லூரி, ரயில்வே மருத்துவமனை, அறக்கட்டளை, கார்ப்பரேட் என்று ஆளுக்கொரு பதிவேடு. அமைப்பளவில் நாம் அமெரிக்காவுக்குத்தான் பக்கம். அங்கே 'பிகார்நெட்' என்ற வலையமைப்பு தரவுகளை ஒரே கிடங்கில் குவிக்கவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவுகளைத் தன்னிடமே, எல்லோருக்கும் பொதுவான ஒரே அமைப்பில் வைத்துக்கொள்ளும். கேள்வி அங்கே போகும், பதில் மட்டும் வெளியே வரும். "எங்கள் நோயாளிகளின் விவரத்தை ஏன் தர வேண்டும்" என்ற பயத்துக்கு இது நல்ல மருந்து. 15,076 பேரைக் கொண்டு 40 மையங்களில், இதயநோயாளிகளுக்கு 81 மில்லிகிராம் ஆஸ்பிரினா 325 மில்லிகிராமா என்று பார்த்த ஆய்வு இந்த வழியில் நடந்தது. 2021-இல் முடிவு வந்தது, பெரிய வேறுபாடு இல்லை என்று. ஆனால் 325 கொடுக்கப்பட்டவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பாதியில் 81-க்கு மாறிவிட்டார்கள். நேரில் பார்க்கும் ஆளைக் குறைத்தால் செலவு குறையும், பிடியும் தளரும்.

நமக்கு அனுபவமே இல்லை என்பதும் சரியல்ல. 1956-இலேயே சென்னையில், காசநோயாளிகளை வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தாலும் பலன் ஒன்றா என்று குலுக்கல் முறையில் ஆராயத் தொடங்கியவர்கள் நாம். வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததல்ல என்ற அந்த முடிவு உலகின் காசநோய்த் திட்டங்களையே மாற்றியது. அண்மையில், 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 கொரோனா நோயாளிகளைக் கொண்டு பிளாஸ்மா சிகிச்சையை (குணமானவர்களின் ரத்தத்தின் திரவப் பகுதியை ஏற்றுவதை) ஆராய்ந்தது. ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, மூன்று மாதம்கூட ஆகவில்லை. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 19 விழுக்காடு, பெறாதவர்களில் 18. பயனில்லை என்பது தெளிவு.

பிறகு என்ன ஆனது? கட்டுரை அக்டோபரில் அச்சானது. 2021 இரண்டாம் அலையிலும் பிளாஸ்மா கேட்டுக் குடும்பங்கள் சமூக ஊடகங்களில் கெஞ்சிக்கொண்டிருந்தன. சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அது நீக்கப்பட்டது மே மாதத்தில். இங்கிலாந்தில் டெக்ஸாமெதசோன் முடிவு வந்த அன்றே சிகிச்சை முறை மாறியது. ஆய்வை நடத்தும் திறன் நம்மிடம் இருந்தது. முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு வழிகாட்டிக் குழுவின் கதவைத் தட்டும் கடமை யாருடையது என்பதுதான் எழுதப்படாமல் இருந்தது.

தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு இதற்கு நல்ல எதிர் உதாரணம். 2012-இல் அணுசக்தித் துறையின் பணத்தில், மும்பை டாடா நினைவு மையத்தை நடுவாகக் கொண்டு தொடங்கியது. அரசு, தனியார், அறக்கட்டளை எல்லாம் உறுப்பினர்கள். சேர்வது அவரவர் விருப்பம். ஆய்வு, சிகிச்சை வழிகாட்டி இரண்டையும் ஒரே கூட்டமைப்பு பார்க்கிறது. மருத்துவமனைகள் ஏன் சேர்கின்றன? ஆய்வின் மீதுள்ள ஆர்வத்தால் மட்டுமல்ல. 40 புற்றுநோய் மருந்துகளுக்கு எல்லோர் சார்பிலும் ஒரே பேரம் பேசியதில் விலை 80 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியது. சேர்ந்தால் கைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்ற உலக நியாயத்தை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் டெல்லியைப் பார்ப்பதை விட்டு மும்பையைப் பார்க்கலாம்.

ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சக ஊழியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பத்து மருத்துவமனை என்றால் பத்துக் குழு, பத்துக் கூட்டம். ஒரு குழு தொலைபேசி எண்ணை முதல் பக்கத்துக்கு மாற்றச் சொல்லும், இன்னொன்று அதைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பும். நோயாளியின் பாதுகாப்பு இதனால் ஒரு மயிரிழைகூடக் கூடுவதில்லை. இங்கிலாந்தில் 2016 முதல் நாடு முழுவதற்கும் ஒரே ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளும் பல மைய ஆய்வுகளுக்குப் பொதுவான மதிப்பீட்டை அனுமதிக்கின்றன. நடைமுறையில் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மருத்துவமனைகளுக்கு மனம் வருவதில்லை. வலையமைப்பில் சேரும் நாளிலேயே இதற்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

அதே சமயம், வேகத்துக்காக நோயாளியை ஓரங்கட்டிய கதையும் நம்மிடம் இருக்கிறது. 2009-10-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா பகுதிகளில் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வில், கம்மத்தில் விடுதிக் காப்பாளர்களே பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். நடந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே விசாரணை கண்டது. ஆனால் ஆய்வு நின்றது, நாடாளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது, தடுப்பூசியின் மீதான நம்பிக்கையும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போனது. ஆட்சிக் குழுவில் நோயாளிகள் தரப்பினர் இருவராவது வாக்குரிமையோடு உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம். ஓய்வுபெற்ற பேராசிரியரை 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று போடுவது கணக்கில் சேராது.

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் பக்கவாதத்தில் தொடங்குவேன். அதற்கென ஒரு இந்திய ஆய்வு வலையமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 31 மையங்களில் 4,298 பேரைச் சேர்த்து, குறுஞ்செய்தியும் காணொளியும் 12 மொழிகளில் தயாரித்து, நோயாளிகளுக்குத் தொடர்ந்து நினைவூட்டினால் மறு தாக்குதல் குறையுமா என்று பார்த்தவர்கள். குறையவில்லை, அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அவர்களுடைய மையங்களில் ஒருங்கிணைப்பாளர், செவிலியர் பதவிகளை நிரந்தரமாக்கி, சம்பளத்தை எந்த ஒற்றை ஆய்வோடும் கட்டாமல் ஐந்தாண்டுகளுக்கு விட்டுவைப்பேன். டெல்லி வாரியத்துக்குத் தலைவர் யார் என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.