பதகளிப்பு எண்டு ஒரு சொல் இருந்தது

அக்கா, நான் கொக்குவில். கொஞ்ச நாளா பின்னேரமானா டென்சனா இருக்கு, நெஞ்சு படபடக்குது. ஒஃபிஸில மத்தியானம் சாப்பிட நேரமில்லை, மூண்டு நாலு பிளேன்ரீதான். டென்சனால நெஞ்சு அடிக்குதோ, நெஞ்சு அடிக்கிறதால டென்சன் வருதோ? எல்லாரும் மனசை அடக்கு எண்டு சொல்லினம். மெடிற்றேசன் அப் ஏதும் நல்லதோ?

தம்பி,

அப்பை விடும். மற்றக் கேள்வியை 1884 இலயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் கேட்டவர். பயந்து நடுங்கேல்லை, நடுங்கிறதை உணருறதுதான் பயம் எண்டார். 1927 இல உடலியலாளர் வோல்ற்றர் கனன் மறுத்தார், கோவத்திலயும் பயத்திலயும் காய்ச்சலிலயும் நெஞ்சு ஒரே மாதிரித்தானே அடிக்குது எண்டு. இப்ப கனபேர் சொல்லுறது, நெஞ்சும் வயிறும் மூச்சும் அனுப்புற சேதியை மூளைக்குள்ள இன்சுலா எண்ட பகுதி வாங்குது, இருக்கிற இடத்தையும் பழைய ஞாபகத்தையும் வைச்சு மூளை அதுக்கொரு பேர் வைக்குது. நெஞ்சையும் வயித்தையும் மூளையோட இணைக்கிற வேகஸ் நரம்பில ஐஞ்சில நாலு பங்கு இழை கீழயிருந்து மேலதான் சேதி கொண்டு போகுது. மனசை அடக்கு எண்டு சொல்லுற ஆக்களுக்கு இதைச் சொல்லும்.

எனக்குக் கோவம் உம்மட டென்சனிலதான். இத்தினூண்டு கடிதத்தில மூண்டு தரம்! பதகளிப்பு எண்ட சொல் எங்க போட்டுது? நெஞ்சுக்குழிக்குள்ள சிறகடிச்சா பதகளிப்பு. இருக்கவும் ஏலாமல் நிக்கவும் ஏலாமல் கால் பரபரத்தா அந்தரம். வயித்தைக் கலக்கிறது வேற, ஈரக்குலை நடுங்கிறது வேற. உடம்பில எந்த இடம் எண்டு எங்கட சனம் பேர் வைச்சிருக்கு, டென்சன் எண்டா எங்கயப்பா கையை வைக்கிறது?

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி வருது எண்டு யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளிக்கிட்டு தென்மராட்சிக்கு நடக்குது, மழை, நாவற்குழிப் பக்கம் சனம் நெருக்கி அடியெடுத்து வைக்க ஏலாது, எனக்கு ஒம்பது வயசு, பயமாக் கிடக்கு எண்டு குழறுறன். அம்மம்மா நிண்டு, "எங்கையடி பயம், தொட்டுக் காட்டு" எண்டா. வயித்தைக் காட்டினன். கையை வைச்சுப் பாத்திட்டு மடிக்குள்ளயிருந்து பனங்கட்டிக் குட்டானொண்டை எடுத்து ஓலையோட கடிச்சு உடைச்சுத் தந்தவ. ஓலைத்தும்பு நாக்கில ஒட்டினது இப்பவும் நினைவிருக்கு. பயம் போகேல்லை, எப்பிடிப் போகும், ஷெல் விழுந்துகொண்டுதானே இருந்தது, ஆனா வயித்தில இருந்தது பசியாப் போச்சு, மிச்சம் நெஞ்சில நிண்டது மட்டும்தான் பயம், அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஏலுமா இருந்தது.

முதல்ல ஒரு டொக்டரிட்டைக் காட்டி ஈசிஜி எடும், விளையாட்டில்லை. வெறுவயித்தில பிளேன்ரீ ஊத்திப்போட்டு நெஞ்சு ஏன் அடிக்குது எண்டு கேக்கிறீர், மத்தியானம் ஒரு பிடி சோறு தின்னும். பிறகும் பின்னேரம் வந்துதெண்டா எந்த இடத்தில எண்டு கையை வைச்சுப் பாத்து எனக்கு எழுதும். டென்சன் எண்டு எழுதினா பதில் போடமாட்டன்.