புனித நிக்கோலாசுக்கு ஒரு படகு

கேள்வி: என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். குரோஷியா நாட்டின் தால்மேஷியக் கரையோரத் தீவு ஒன்றில், ஊர்ப் பாதுகாவலரின் திருவிழாவன்று கோயிலுக்கு முன்பாகப் படகை எரிப்பார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னான். புதுப் படகை மந்திரித்துக் கடலில் இறக்கும் நமக்கு இதைக் கேட்கவே பதறுகிறது. உண்மைதானா? நம் பனிமய மாதா திருவிழா அத்தீவுகளில் உண்டா?
— ஒரு வாசகி, இடிந்தகரை

பதில்: உண்மைதான், சகோதரி. உங்கள் தம்பி கேள்விப்பட்டது, விஸ் தீவின் மேற்குக் கரையில் உள்ள கோமிஷா என்னும் மீனவர் ஊரைப் பற்றியது. அவ்வூரின் பாதுகாவலர் புனித நிக்கோலாஸ்; திருவிழா டிசம்பர் 6. கிறிஸ்துமஸ் தாத்தா என்று நம் பிள்ளைகள் அறிந்திருப்பவருக்கு மூலமும் இவரே. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்தவர். புயலில் சிக்கிய கடலோடிகளைக் காப்பாற்றினார் என்று வழங்கும் கதைகளால் மத்தியதரைக் கடல் நெடுகிலும் மாலுமிகளின் காவலராகக் கொண்டாடப்படுகிறார்.

அவருடைய கோயில் துறையில் இல்லை. ஊருக்கு மேலே குன்றின் சரிவில், பெனடிக்ட் சபைத் துறவியர் இடைக்காலத்தில் எழுப்பிய மடத்தோடு, கோட்டை போல நிற்கிறது. உழைத்து ஓய்ந்த மரப்படகு ஒன்றை ஊரார் அந்த மேட்டுக்குக் கொண்டுபோய், கோயில் முன்பாக வைத்துத் தீ மூட்டுகிறார்கள். தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கும் படகை எவரும் எரிப்பதில்லை. எரிந்த படகின் சாம்பலிலிருந்து புதுப் படகு பிறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அவர்கள் கணக்கில் இது புனிதருக்குச் செலுத்தும் காணிக்கை. நம் கரையில் பழைய வள்ளத்தை மணலில் கிடத்தி, வெயிலில் வெடிக்கவிட்டு, கடைசியில் பலகை பலகையாகப் பிரித்து அடுப்புக்கு அனுப்புகிறோமே, அதைவிட இது மரியாதையான வழியனுப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

படகின் அருமை அறியாதவர்கள் செய்யும் காரியமும் அன்று இது. கோமிஷா மீனவர்கள் ஃபல்குஷா என்னும், ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில், 42 கடல் மைலுக்கு அப்பால் உள்ள பாலாகுரூஷா தீவு வரை சாளை பிடிக்கப் போய்வந்தவர்கள். பாய் விரித்து ஆழ்கடலில் ஓடும்போது அலை உள்ளே அடிக்காமலிருக்க இரு விளிம்புகளிலும் பலகைகளைப் பொருத்தி உயர்த்துவார்கள். மீன்பிடிக்கும் இடம் வந்ததும், வலை இழுக்கவும் துடுப்புப் போடவும் தோதாக அவற்றைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பழைய ஃபல்குஷாக்களில் மிஞ்சியிருந்த கடைசிப் படகு 1986இல் கடலில் சேதமடைந்து போக, ஊரார் பழைய முறையிலேயே புதிதாக ஒன்றைக் கட்டி 1997இல் கடலில் இறக்கினார்கள்.

எல்லாத் தீவுகளிலும் படகை எரிப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் திருப்பலி, சுரூபப் பவனி, பிறகு விருந்தும் ஆட்டமும் என்று திருவிழா நம் கண்ணுக்குப் பழகிய விதமாகவே நடந்தேறும்.

பனிமய மாதா திருவிழாவும் அங்கே உண்டு. கோர்ச்சுலா தீவின் உட்பகுதியில் உள்ள புப்நாத் என்னும் மலைக் கிராமத்தில், தூத்துக்குடியில் போலவே, ஆகஸ்ட் 5 அன்றுதான் கொண்டாடுகிறார்கள். உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றில், கோடைக்காலமான அந்நாளில் பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டியது என்னும் மரபே இரண்டு ஊர்களுக்கும் தேதியைக் கொடுத்தது. புப்நாத்தில் தங்கத்தேர் கிடையாது. அதற்குப் பதிலாக, கடற்கொள்ளையரிடமிருந்து ஊரைக் காத்த பழைய காவற்படையின் நினைவாக, இளைஞர்கள் முரசுக்கும் தோற்பை ஊதுகுழலுக்கும் ஏற்ப வாள் வீசி ஆடுகிறார்கள். முன்னாளில் ஆட்டத்தின் முடிவில் காளையை வெட்டும் வழக்கமும் இருந்தது; அது நின்று போனதில் யாருக்கும் நட்டமில்லை.