ஃபிக்ஸட்டா, ஃப்ளோட்டிங்கா? முதலில் கடிதத்தின் கடைசி வரி

கேள்வி: வயது 41. சொந்த ஊர் வள்ளியூர் பக்கம், இருபது வருடமாக மும்பை. 2021 அக்டோபரில் டோம்பிவிலியில் ஃப்ளாட் வாங்க 48 லட்சம் கடன் எடுத்தேன், 20 வருடம், அப்போது வட்டி 6.80. அது 9.30 வரை ஏறி, இ.எம்.ஐ. 39,500 ஆகி, 2041-ல் முடிய வேண்டிய கடன் 2050-க்குப் போய்விட்டது. இப்போது வட்டி 8.05, நிலுவை 45 லட்சம். வட்டி இறங்கியதும் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மாதம் 35,350 கட்டுகிறேன். உலகம் இருக்கிற இருப்பில் மறுபடி ஏறுமோ என்று தூக்கம் வரவில்லை. லண்டனில் இருக்கும் பெரியப்பா மகன் "ஃபிக்ஸ் பண்ணிடு" என்கிறான். வங்கியில் ஃபிக்ஸட் (மாறாத வட்டி) 9.60 என்கிறார்கள். மாறலாமா? இது போக 2024-ல் மச்சானுக்காக எடுத்த பர்சனல் லோன் 6 லட்சம், 14 சதவீதம், மாதம் 13,960 போகிறது. கையில் வரும் சம்பளம் 92,000. அப்புறம், ஃபிக்ஸ் செய்யும்போதே அதே வீட்டின் மேல் கூடுதல் கடனாக 10 லட்சம் டாப்-அப்பும் வாங்கிவிடலாமா? மச்சான் இரண்டாவது செல்போன் கடை போடுகிறார்.

பதில்: கடிதம் முழுக்க வட்டியைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, பத்து லட்சத்தைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். கேட்டதற்கு முதலில் பதில்: மாற வேண்டாம்.

உங்கள் வட்டி, ரெப்போவோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியோடு, 2.80 சேர்த்தது. ரெப்போ 2022 மே வரை 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.50, பிறகு இரண்டு வருடம் அங்கேயே நின்று, 2025-ல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25. ஆக, அந்த உச்சத்தில்கூட நீங்கள் கொடுத்தது 9.30-தான். இப்போது 9.60-க்கு ஃபிக்ஸ் செய்தால், உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த 2023-ஐவிட அதிக வட்டியை இன்றே, நீங்களாகப் போய்க் கையெழுத்துப் போட்டு, கட்டத் தொடங்குகிறீர்கள். வித்தியாசம் 1.55 சதவீதம், 45 லட்சத்துக்கு வருடம் சுமார் 70,000 ரூபாய். இதில் லாபம் பார்க்க ரெப்போ 6.80-ஐத் தாண்டி, அங்கேயே பல வருடம் உட்கார வேண்டும். நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு வருடம் எழுபதாயிரம் பிரீமியம் அதிகம். தவிர, இங்கே ஃபிக்ஸட் என்று விற்பதில் பல மூன்று வருடமோ ஐந்து வருடமோ ஆனதும் ஃப்ளோட்டிங்காக, அதாவது ஏறி இறங்கும் வட்டியாக, மாறிவிடுபவை, ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஃப்ளோட்டிங்கில் தனிநபருக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது, ஃபிக்ஸட்டில் வசூலிக்க வாய்ப்பு உண்டு. மாறியே ஆக வேண்டும் என்ற நிலை பிறகு வந்தால் வங்கியிடம் கேட்கலாம்: வட்டியை மாற்றியமைக்கும்போது ஃபிக்ஸட்டுக்கு மாறும் வழியை வங்கி தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது, 2025 அக்டோபர் முதல் அதைத் தருவது வங்கியின் விருப்பம். இன்றைக்கே ஓட அவசரமில்லை.

லண்டன் கணக்கு வேறு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.10 சதவீதம், 2023 ஆகஸ்டில் 5.25. அந்த வட்டியோடு சேர்ந்தே ஏறி இறங்கும் ட்ராக்கர் கடனில் இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அங்கே இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று ஃபிக்ஸ் செய்வது ஊர் வழக்கம், ட்ராக்கரைவிடச் சில சமயம் மலிவாகவே கிடைக்கும். அண்ணன் தன் ஊருக்குச் சரியாகச் சொல்கிறார். டோம்பிவிலிக்கு ஒத்துவராது.

சரி, மச்சான். நான்கு வருடத்துக்கு மேல் ஒழுங்காகக் கட்டியும் உங்கள் அசலில் கழிந்தது 3 லட்சம். 2023-ல் கட்டிய ஒவ்வொரு 39,500-லும் 36,000-க்கு மேல் வட்டிக்கே போனது, அது உங்கள் தப்பு இல்லை. ஆனால் வட்டி இறங்கியதும் தவணையை 4,150 குறைத்தீர்களே, அந்தப் பணம் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை, 13,960-ஐப் பார்த்தாலே தெரிகிறது. அந்தக் குறைப்பின் விலையைக் கேளுங்கள். பழைய 39,500-ஐயே விட்டிருந்தால் இன்றைய வட்டியில் கடன் சுமார் 18 வருடத்தில் முடியும். 35,350 என்றால் 24 வருடம். மொத்தத்தில் ஏறக்குறைய 16 லட்சம் கூடுதல், அதாவது ஆறு லட்சம் கொடுத்தது மச்சானுக்கு, அதைச் சமாளிக்கப் பதினாறு லட்சம் கொடுப்பது வங்கிக்கு.

இதன் மேல் டாப்-அப். 20 வருடம், 8.60 வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 8,750, மொத்தம் 21 லட்சம். மூன்று தவணையும் சேர்ந்து 58,000 போனால் மிச்சம் 34,000. அதில் மெயின்டனன்ஸ், பள்ளிக் கட்டணம், அரிசி பருப்பு, ரயில் பாஸ். டாப்-அப் மலிவு என்பார்கள், மலிவுதான், ஏனென்றால் அடமானத்தில் இருப்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. கடை ஓடாவிட்டால் மச்சான் ஷட்டரை இறக்கிவிடலாம், உங்களுக்கு அந்த வசதி இல்லை. முன்பு கொடுத்த 6 லட்சத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. நானும் ஒரு பங்காளிக்கு ஜாமீன் போட்டு மூன்று வருடம் கட்டியவன், இந்த மௌனம் எனக்குப் பழக்கம்.

வீட்டில் சண்டை வரும், தெரியும். "என் தம்பிக்கு நாம செய்யலைன்னா யார் செய்வா" என்ற கேள்விக்கு வட்டி விகிதம் பதில் ஆகாது. அதனால் வெறுமனே இல்லை என்று சொல்லாமல் வேறு கதவைக் காட்டுங்கள். ஏற்கெனவே ஒரு கடை நடத்துகிறவர், சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கலாம், அடமானம் இல்லாமல் 10 லட்சம் வரை உண்டு. ஊரில் அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே கேட்கட்டும், கணக்கு வழக்கை அவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும். அவர்களே தயங்கினால், அந்தக் கடையைப் பற்றி உங்களுக்கு மனைவியிடம் பேச ஒரு விஷயம் கிடைக்கும். மனசு கேட்கவில்லையா, தீபாவளி போனஸில் ஒரு ஐம்பதாயிரம் கொடுங்கள், வராது என்று எழுதிக்கொண்டு கொடுங்கள். மீதி போனஸ் 14 சதவீதக் கடனுக்குப் போகட்டும், முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொண்டு. "கடனை அடைக்காதே, எஸ்.ஐ.பி. போடு" (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடு) என்று ரீல்ஸில் கத்துகிறவர்களை இந்த விஷயத்தில் கண்டுகொள்ளாதீர்கள், 14 சதவீதம் நிச்சயமாகத் தருகிற ஃபண்ட் எதையும் நான் பார்த்ததில்லை.

வங்கிக்கு ஒரு நடை போங்கள். தவணையைத் திரும்ப 39,500 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், இப்போது முடியவே முடியாது என்றால் பர்சனல் லோன் முடிகிற மாதத்திலிருந்து. அதே கையோடு, இன்று புதிதாக வருகிறவருக்கு ரெப்போ மேல் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பழைய ஆள் 2.80 கட்டிக்கொண்டிருக்க, புது ஆளுக்குக் குறைவாகத் தருவது நடக்கிற கதைதான். அரை சதவீதம் குறைந்தாலே வருடம் 22,500 மிச்சம், மாற்றிக் கொடுக்கச் சில ஆயிரம் கட்டணம் கேட்கலாம், கொடுத்துவிடலாம். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம், முத்திரைத்தாள், வக்கீல் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு. சனிக்கிழமை போவதாக இருந்தால் இரண்டாவது, நான்காவது சனியைத் தவிருங்கள், பூட்டியிருக்கும்.