ரிங்கோ ஸ்டார் வெறும் அதிர்ஷ்டசாலியா?

கேள்வி: பீட்டில்ஸ் குழுவில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் மேதைகள், டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் அதிர்ஷ்டத்தால் உடன் நின்றவர் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். ‘அவர் பீட்டில்ஸிலேயே சிறந்த டிரம்மர் அல்ல’ என்று லெனனே கூறினாராமே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: லெனன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. 1980 டிசம்பரில் அவர் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டனின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஒலித்த அந்த வசனம், நாளடைவில் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. தம் இறுதி ஆண்டில் அளித்த நீண்ட பேட்டியில் அவர் ரிங்கோவின் வாசிப்பைப் பாராட்டவே செய்தார்.

அதிர்ஷ்டம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1962 ஆகஸ்டில், அதுவரை டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோவை அழைத்தபோதே, அவர் ரோரி ஸ்டார்மின் குழுவில் வாசித்து லிவர்பூலில் பெயர் பெற்றிருந்தார். அடுத்த மாதம் ‘லவ் மீ டூ’ பாடலின் மறுபதிவுக்கு ஆண்டி ஒயிட் என்ற வெளிக்கலைஞரை வரவழைத்து, ரிங்கோவிடம் கையால் குலுக்கும் டாம்பரீனைக் கொடுத்தார்கள். அந்த மனக்காயத்தோடுதான் அவருடைய பயணம் தொடங்கியது.

இயல்பில் இடக்கைப் பழக்கம் உள்ள அவர், வலக்கைக்காரர்களுக்கென அடுக்கப்பட்ட டிரம்ஸில் வாசித்தார். வலக்கைக்காரரின் உருட்டு, அதாவது டிரம்களை வரிசையாகத் தட்டிச் செல்லும் வாசிப்பு, இடப்புறம் தொடங்கி வலப்புறமாகத் தடையின்றி ஓடும். இடக்கையை முந்தவிடும் ரிங்கோவுக்கு அந்த ஓட்டம் எளிதில் அமையாததால், அவருடைய உருட்டுகளில் ஒரு சிறு தயக்கமும், பிறரால் அப்படியே திருப்பி வாசிக்க இயலாத ஒரு நடையும் சேர்ந்தன. 1967-இல் வெளிவந்த ‘எ டே இன் தி லைஃப்’ பாடலைக் கேளுங்கள்: லெனன் ஒரு வரியைப் பாடி நிறுத்தும் இடைவெளியில், தளர்த்திச் சுருதி இறக்கப்பட்ட டிரம்கள் அந்த வரிக்கு மறுமொழி சொல்வதுபோல் எழுந்து, குரல் திரும்பும்போது வழிவிட்டு அடங்கிவிடுகின்றன. பிற்காலத்தில் புகழ்பெற்ற டிரம்மரான ஃபில் காலின்ஸ் அந்த வாசிப்பின் சிக்கலை வியந்து பேசியிருக்கிறார். தாளத்தைக் கணினி திருத்தித் தராத காலத்தில், காலப்பிரமாணம் பிசகாமல் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசித்தவர் ரிங்கோ. அவர் தவறால் பதிவு பாதியில் நின்றது மிக அரிது.

1968 ஆகஸ்டில், தம் வாசிப்பு சரியில்லை என்ற மனச்சோர்வில் அவர் குழுவை விட்டு விலகினார். உலகின் மிகச் சிறந்த ராக் டிரம்மர் அவரே என்று தந்தி அனுப்பித் தோழர்கள் திரும்ப அழைத்தார்கள். உங்கள் நண்பர்களின் கருத்துக்கு அந்தத் தந்தியைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

தாம் வாசித்தவற்றில் மிகச் சிறந்தது என்று ரிங்கோவே குறிப்பிடுவது 1966-இல் வெளியான ‘ரெயின்’. வேகமாக வாசித்துப் பதிந்த நாடாவை மெதுவாக ஓடவிட்டதால் அதன் ஒலி கனத்துக் கேட்கும். முதல் முறை குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். பிறகு நண்பர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள்.