சேலத்தோடு தொடர்புடைய ஆவணப்பட இயக்குநர் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார். எல்லிஸ் ஆர். டங்கன். 'மந்திரி குமாரி' எடுத்த அமெரிக்கர் என்றால் பலருக்கும் தெரியும். அவருடைய பிற்கால வாழ்க்கை ஆவணப்படங்களோடுதான் கழிந்தது என்பது எங்கள் ஊரிலேயே அதிகம் பேருக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஏற்காடு போகிறவர்கள் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரத்தின் ஸ்டுடியோவுக்கு அதுதான் நுழைவாயில். என் தாத்தா அங்கே செட் போட்ட தச்சர். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் "இங்கதான் கண்ணு துரை வருவாரு" என்பார். துரை என்றால் டங்கன்.

1909-ல் ஒஹாயோவில் பிறந்தவர், 1935-ல் கல்லூரி நண்பர் மாணிக் லால் டாண்டனோடு இந்தியா வந்தார். எம்.ஜி.ஆரின் முதல் படம் 'சதி லீலாவதி', எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' எல்லாம் அவர் இயக்கியவை. சேலத்தில் 'பொன்முடி', 'மந்திரி குமாரி', இரண்டும் 1950-ல். அப்புறம் அமெரிக்கா திரும்பி, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் இருந்துகொண்டு ஆவணப்படங்கள் எடுத்தார். 2001-ல் காலமானார்.

இத்தனை வருடம் இங்கே இருந்தும் அவருக்குத் தமிழ் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சு புரியாதவர் முகத்தையும் கையையும்தான் பார்த்தாக வேண்டும். ஆவணப்படத்துக்கு வேண்டிய கண் அவருக்கு இங்கேதான் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். கருணாநிதியின் வசனத்துக்காகவே பேசப்படும் 'மந்திரி குமாரி'யை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மலை உச்சிக் காட்சியில் வில்லன் மனதில் இருப்பது நடையிலேயே தெரிந்துவிடும்.

போன வருடம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையைச் சின்னப் படமாக எடுத்தேன். இரண்டு நாள் அங்கே வேலை செய்யும் அண்ணனிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒன்றும் தேறவில்லை. மூன்றாம் நாள் டங்கன் ஞாபகம் வந்தது. சரி என்று வாயை மூடிக்கொண்டு அண்ணனின் கையை மட்டும் படமெடுத்தேன். கண்ணியில் கண்ணி கோத்து, பொடி வைத்து, தீயைக் காட்டி, வெள்ளி உருகுவதற்குள் எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு கண்ணியைப் பற்றவைக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். சாயங்காலம் படத்தைப் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அப்படியாங்க செய்யறேன்? முப்பது வருசமா எனக்கே தெரியாதுங்களே" என்றார்.