பழைய காப்புரிமைகளைப் படிப்பது எப்படி? கேள்வியும் பதிலும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் தொழிற்சாலை, வயல், வீடு ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு வழங்கப்பட்ட காப்புரிமை ஆவணங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் விடைகள் கீழே.

கேள்வி: தாத்தா வீட்டில் அமெரிக்காவில் செய்த, வார்ப்பிரும்பாலான, காபிக்கொட்டை அரைக்கும் கை மிஷின் ஒன்று இருக்கிறது. அடியில் 'பேட்டன்ட்' என்ற சொல்லும் பிப்ரவரி 14 என்ற தேதியும் தெரிகின்றன. ஆண்டின் கடைசி இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. 1905, 1906, 1908 ஆகிய மூன்றில் எது என்று சொல்ல முடியுமா?

பதில்: 1905. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அக்காலத்தில் செவ்வாய்க்கிழமைகளில்தான் காப்புரிமைகளை வெளியிட்டது. இன்றும் அந்த வழக்கம் மாறவில்லை. பிப்ரவரி 14 செவ்வாயாக வந்தது, நீங்கள் சொல்லும் மூன்று ஆண்டுகளில் 1905-இல் மட்டுமே. பழைய பொருளில் படித்த தேதி செவ்வாயாக அமையவில்லை என்றால், ஏதோ ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று எண்ணி மறுபடி பார்ப்பது என் வழக்கம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சாக்பீஸ் தூளை லேசாகத் தடவி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும்.

அந்தத் தேதி காப்புரிமை வழங்கப்பட்ட நாளே தவிர, மிஷின் செய்யப்பட்ட நாள் அன்று. அப்போது காப்புரிமையின் ஆயுள் வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள் என்பதால், 1922 வரை எந்த ஆண்டிலும் அதே அச்சில் வார்த்திருக்கலாம். அதற்குப் பின்னும் பழைய அச்சையே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. எண்ணைப் போடாமல் தேதியை மட்டும் போட்டது ஏன் என்றும் தோன்றலாம். 1927-இல் சட்டம் மாறிய பிறகுதான் பொருள்களில் காப்புரிமை எண்ணைப் பொறிப்பது கட்டாயமாயிற்று. உங்கள் மிஷினின் எண்ணைத் தேட ஒரு வழி சொல்கிறேன்: 1905-இன் முதல் எண் 7,78,834, 1906-இன் முதல் எண் 8,08,618. ஆக, வாரத்துக்கு ஏறத்தாழ 570. பிப்ரவரி 14 அவ்வாண்டின் ஏழாவது செவ்வாய் என்பதால், 7,82,000-ஐ ஒட்டித் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ஜெர்மன் விளக்கில் 'டி.ஆர்.ஜி.எம்.' என்று பொறித்திருக்கிறது. விற்றவர் அதை ஜெர்மன் காப்புரிமை என்றார். சரிதானா?

பதில்: சரியன்று. ஜெர்மன் பேரரசின் முழுக் காப்புரிமைக்கு 'டி.ஆர்.பி.' என்ற எழுத்துகளே அடையாளம். அது புதியதா என்று அதிகாரிகள் ஆராய்ந்த பிறகே வழங்கப்பட்டது; முதல் உலகப்போர்க் காலம் வரை அதன் ஆயுள் 15 ஆண்டுகள். 'டி.ஆர்.ஜி.எம்.' என்பது சிறு அமைப்பு மாற்றங்களுக்கான எளிய பதிவு. ஆய்வு இல்லை, கட்டணம் குறைவு, மூன்று ஆண்டுப் பாதுகாப்பு, வேண்டுமானால் மேலும் மூன்று ஆண்டு. ஆனால் அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். டிரெஸ்டனைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, காபியில் மண்டி தங்குவது பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளையிட்டு, மகனின் பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளை அதில் வைத்து வடிகட்டிப் பார்த்தார். 1908 ஜூனில் அவர் பெற்றது இந்தச் சிறு பதிவுதான். உலகெங்கும் காபியைத் தாளில் வடிகட்டும் பழக்கம் பரவியது அங்கிருந்துதான்.

கேள்வி: நான் இயந்திரவியல் மாணவன். ஒரு காப்புரிமை ஆவணத்தில் முதலில் எதைப் படிக்க வேண்டும்? படங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன அல்லவா?

பதில்: கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். படம் கருவியைக் காட்டும், விளக்கவுரை அது இயங்கும் விதத்தைச் சொல்லும். ஆனால் சட்டம் காப்பது இறுதியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களை மட்டுமே. அந்தச் சில வரிகளுக்காகத்தான் கண்டுபிடித்தவரும் வழக்கறிஞரும் அலுவலக ஆய்வாளரும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் கடிதப் போர் நடத்தினார்கள்.

கிங் ஜில்லெட் 1901-இல் விண்ணப்பித்து 1904 நவம்பர் 15 அன்று பெற்ற 7,75,134 எண்ணுள்ள காப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாதுகாப்பான சவரக்கத்தியைக் கண்டுபிடித்தவர் ஜில்லெட்' என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் காம்ஃப் சகோதரர்கள் 1880-லேயே அத்தகைய கத்திக்கு நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஜில்லெட்டே அந்த வகைக் கத்தியால் சவரம் செய்துகொண்டவர்தான். அப்படியானால் அவர் கோரியது என்ன? வெளியிலிருந்து ஏதேனும் தாங்கிப் பிடித்தால்தான் வெட்டு விளிம்பு விறைப்பாக நிற்கும் என்னும் அளவுக்கு மெலிந்ததும் வளைவதுமான, தனியே கழற்றக்கூடிய பிளேடு: இதுதான் அவருடைய கோரலின் சாரம். இந்த வரியை நான் பலமுறை படித்து வியந்திருக்கிறேன். தானாக நிற்க முடியாத மெலிவு ஒரு கத்திக்குக் குறை என்றே எவரும் நினைப்பார்கள். அவர் அந்தக் குறையையே உரிமையாகக் கேட்டார். மெலிவாக இருப்பதால் எஃகுச் செலவு குறையும், செலவு குறைவதால் தீட்டாமல் தூக்கி எறியலாம். ஆனால் அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் பதப்படுத்தும் முறையை வில்லியம் நிக்கர்சன் உருவாக்கிய பிறகுதான் தொழில் நடந்தது. விற்பனை தொடங்கிய 1903-இல் விலைபோனவை 51 கத்திகளும் 168 பிளேடுகளும் மட்டுமே.

கேள்வி: வேக்குவம் கிளீனரைக் கண்டுபிடித்தவர் ஸ்பாங்லரா, பூத்தா?

பதில்: 'எந்த வகைக் கிளீனரை யார் கண்டுபிடித்தார்' என்று கேள்வியைச் சற்று மாற்றினால் விடை எளிது. லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய்களை உள்ளே விட்டுத் தூசியை இழுக்கும் பெரிய இயந்திரம். ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர், ஆஸ்துமா நோயாளி. கம்பளங்களைப் பெருக்கும்போது எழும் தூசி அவரை வாட்டியது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தூசி தங்கத் தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஒருவரே தள்ளிச் செல்லக்கூடிய கருவியைச் செய்து, 1908 ஜூன் 2 அன்று 8,89,823 எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். அதை விலைக்கு வாங்கிய ஹூவர், அதுவரை தோல் பொருள்கள் செய்துவந்தவர். பூத், ஸ்பாங்லர் இருவருடையதும் மெய்யான கண்டுபிடிப்புகளே.

கேள்வி: சங்கிலிப் பட்டை டிராக்டர் ஹோல்ட்டின் கண்டுபிடிப்பு என்று படித்தேன். சரியா?

பதில்: பாதி சரி. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டனை அடுத்த ஆற்றுக் கழிமுகத்து நிலம், மக்கிய தாவரம் செறிந்த பொதபொதப்பான மண். நீராவி டிராக்டர்கள் அதில் புதைந்தன. சக்கரங்களை ஆளுயரத்தைவிடப் பல மடங்கு அகலமாக்கிப் பார்த்தும் பயனில்லை. வண்டி திரும்பவே இடம் போதவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரச் சட்டங்களைப் பொருத்திய சங்கிலிப் பட்டைகளை மாட்டி உழுது பார்த்தார். அதற்கான காப்புரிமை 8,74,008, 1907 டிசம்பர் 17 அன்று வந்தது. ஆனால் மெய்ன் மாநிலத்தின் ஆல்வின் லொம்பார்ட், பனிக்காட்டில் மரத்தடிகளை இழுக்கும் பட்டைச் சக்கர வண்டிக்கு 1901-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இங்கிலாந்தின் கிரந்தம் நகரிலிருந்த ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் டேவிட் ராபர்ட்ஸும் 1904-இல் ஒன்று பெற்றார். ஹார்ன்ஸ்பியின் உரிமைகளை ஹோல்ட் நிறுவனம் பின்னர் விலைக்கு வாங்கியது. போட்டியாளரின் உரிமையைப் பணம் கொடுத்து வாங்குகிறார் என்றால், அது தம் வழியில் நிற்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். ஹோல்ட்டின் பெருமை, உழவனின் சேற்றில் அதை உழைக்க வைத்ததில் இருக்கிறது.

கேள்வி: மின்சாரம் 1880-களிலேயே வீடுகளுக்கு வந்துவிட்டதே, டோஸ்டர் வர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

பதில்: கம்பிதான் காரணம். சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் காற்றில் எரிந்து அறுந்துபோகாத கம்பி கிடைக்கவில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906 பிப்ரவரி 6 அன்று காப்புரிமை (8,11,859) பெற்றார். அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு படலமே உள்ளே இருப்பதைக் காக்கிறது. ரொட்டி தானே மேலெழும் டோஸ்டருக்குச் சார்ல்ஸ் ஸ்ட்ரைட் 1921-இல் காப்புரிமை பெற்றார்.

கேள்வி: மழையில் காரின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்த மேரி ஆண்டர்சன் ஒரு காசுகூடப் பெறவில்லை என்கிறார்கள். பெண் என்பதால் ஏமாற்றப்பட்டாரா?

பதில்: அவருடைய ஆவணம் 7,43,801, நாள் 1903 நவம்பர் 10. அலபாமாவின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த அவர், பனிக்காலத்தில் நியூயார்க் சென்றிருந்தபோது, டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியபடி ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளிருந்தே ஒரு நெம்புகோலைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை கொண்ட கை கண்ணாடியைத் துடைக்கும் அமைப்பு அது; நல்ல வானிலையில் கழற்றி வைத்துவிடலாம். 1905-இல் கனடிய நிறுவனம் ஒன்று வணிகப் பயன் இல்லை என்று மறுத்துவிட்டது. பெண் என்ற காரணமும் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. எனினும் நாட்காட்டியைப் பாருங்கள்: 17 ஆண்டுகள் 1920-இல் முடிந்தன. மூடிய கூண்டுள்ள கார்கள் பெருகி, வைப்பர் எல்லா வண்டிகளிலும் ஏறியது அதற்குப் பிறகு. மிக முன்னால் வந்தவர்களுக்குக் காப்புரிமையில் நேரும் கொடுமை இது. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

கேள்வி: அக்காலத்தில் இந்தியர்கள் யாரும் காப்புரிமை வாங்கவில்லையா?

பதில்: வாங்கினார்கள். இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. அதன்கீழ் முதலில் விண்ணப்பித்தவர் கல்கத்தாவில் இருந்த டிபென்னிங் என்ற பொறியாளர், கருவி பங்கா (கூரையிலிருந்து தொங்கும் பெரிய விசிறி) இழுக்கும் இயந்திரம். 1911-ஆம் ஆண்டுச் சட்டம், 1970-இல் நிறைவேறிய சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வரும்வரை நிலைத்தது. வெளிநாட்டுக் காப்புரிமைக்குச் சிறந்த சான்று ஜகதீஷ் சந்திர போஸ். மின்னலைகளை உணரும் அவருடைய கருவிக்கு 1901-இல் விண்ணப்பித்து, 1904 மார்ச் 29 அன்று 7,55,840 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அறிவைக் காசாக்குவதில் போஸுக்கு விருப்பம் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியே அது நடந்தது. அந்த ஆவணத்தைப் பார்க்கும்போது படத்தைத் தாண்டி விளக்கவுரையின் தலைப்பை நிதானமாகப் படியுங்கள்: உரிமையில் பாதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரின் சாரா சாப்மன் புல் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது. வற்புறுத்திய நண்பர்களில் ஒருவர் அவர்.