ஆற்றங்கரைச் சிற்றூர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளும் மருமகனும் கனடாவில் மானிட்டோபா மாகாணத்திலுள்ள சூரிஸ் என்னும் சிற்றூரில் குடியேறியிருக்கிறார்கள். ஊரின் நடுவே ஆறு ஓடுகிறது, அதன்மேல் தொங்கு பாலம் இருக்கிறது, மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான் என்று மகள் சொல்கிறாள். அந்த ஊரின் வரலாற்றைச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, தென்பெண்ணைக் கரையில் வாழும் தங்களுக்கு அவ்வூரின் கதை அந்நியமாகத் தோன்றாது. சூரிஸ் ஆறு கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் பிறந்து, தெற்கே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவுக்குள் இறங்கி, அங்கே வளைந்து திரும்பி மானிட்டோபா வழியாக வந்து அசினிபோயின் ஆற்றில் கலக்கிறது. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஓசூர் வழியாக நம்மிடம் வரும் தென்பெண்ணையைப் போலவே, அதுவும் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொண்ட ஆறு. அரசுகளின் எல்லைக் கோடுகளை அது பொருட்படுத்துவதில்லை.

சூரிஸ் ஆற்றோடு பிளம் கிரீக் என்னும் ஓடை கூடும் இடத்தில், 1880களின் தொடக்கத்தில், ஒன்டாரியோவிலிருந்து சௌடன் என்பவரின் தலைமையில் வந்த குடியேறிகள் ஊரை அமைத்தார்கள். ஓடையின் பெயரே முதலில் ஊருக்கும் வழங்கியது. தங்கள் மகள் சொல்லும் தொங்கு பாலத்தை 1904இல் கட்டியவரும் அதே சௌடன்தான். கடைத்தெரு ஒரு கரையிலும் அவர் விற்க விரும்பிய மனைகள் மறுகரையிலும் இருந்ததால் பாலம் தேவைப்பட்டது. தனி மனிதரின் வணிகக் கணக்கில் பிறந்த அந்தப் பாலம், காலப்போக்கில் ஊரின் பொதுச் சொத்தாகவும் அடையாளமாகவும் ஆயிற்று. 1976ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது அழிந்தபோது ஊரார் மீண்டும் கட்டினார்கள். 2011இல் வந்த பெருவெள்ளத்தில், பாலம் இழுபட்டுக் கரைகளைச் சிதைத்துவிடும் என்ற அச்சத்தால், அதன் கம்பிவடங்களை அறுத்துவிட நேர்ந்தது. அதே வெள்ளம்தான் ஆற்றின் மேற்பகுதியில், வடக்கு டகோட்டாவிலுள்ள மைனாட் நகரில் 4,000க்கும் மேற்பட்ட வீடுகளைப் பாதித்தது. 2013இல் சூரிஸ் மக்கள் மூன்றாம் முறையாகப் பாலத்தைத் திறந்தார்கள். சுமார் 2,000 பேர் மட்டுமே வாழும் ஓர் ஊர், வாகனம் செல்ல முடியாத, நடந்து கடக்க மட்டுமே பயன்படும் பாலத்துக்காக இத்தனை பாடுபட்டிருக்கிறது என்பதை நான் மிகுந்த மதிப்புடன் எண்ணிப் பார்க்கிறேன்.

கேள்வி: அந்தப் புல்வெளி நாட்டில் குடியேறியவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தார்களாமே, உண்மையா? அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: உண்மைதான். 1872ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, 10 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தி, மூன்றாண்டுகள் தங்கி, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்தியவருக்கு 160 ஏக்கர் உரிமையாயிற்று. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரங்களாக அந்தப் புல்வெளி நாட்டை அளந்து, ஒவ்வொரு சதுரத்தையும் 36 பிரிவுகளாக வகுத்து, அவற்றில் இரண்டைப் பள்ளிகளின் செலவுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஊர் உருவாகும் முன்பே பள்ளிக்கு வருவாய் தேடி வைத்த அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

தங்களுடைய இரண்டாவது கேள்விதான் முதன்மையானது. அந்த நிலம் வெறுமையாக இருக்கவில்லை. டகோட்டா, அசினிபோயின், கிரீ, ஒஜிப்வே மக்களும், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி மக்களும் அங்கே வாழ்ந்தார்கள். காட்டெருமைக் கூட்டங்களே அவர்களுடைய வாழ்வாதாரமாக இருந்தன. 1871இல் பழங்குடியினரோடு அரசு செய்துகொண்ட ‘இரண்டாம் உடன்படிக்கை’ கையெழுத்தான பின்னரே அப்பகுதி குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அங்குள்ள ஊர் வரலாறுகள் பல, முதல் குடியேறி வண்டியிலிருந்து இறங்கிய நாளையே தொடக்கமாகக் கொண்டு எழுதப்பட்டவை. அது பெரும் குறை என்பதே என் கருத்து.

தருமபுரிக்காரரான தாங்கள் இதனோடு பாரமகாலை, அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கிய பழைய நாட்டை, ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கும்பினியின் கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் நிலத்தை அளந்தார்கள். அவர்களுள் தாமஸ் மன்றோ தருமபுரியிலேயே தங்கிப் பணியாற்றியவர். கனடாவில் கட்டங்களை முதலில் வரைந்துவிட்டு ஆட்களை வரவழைத்தார்கள். இங்கேயோ தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்த குடியானவரின் வயலை அளந்து, அவர் பெயரிலேயே தீர்வை விதித்தார்கள். இரயத்துவாரி முறை அப்படித்தான் இந்த மண்ணில் உருப்பெற்றது. இன்று நம் கையிலுள்ள பட்டாவின் வேர் அந்த நில அளவையில்தான் இருக்கிறது.

கேள்வி: அத்தகைய சிற்றூர்களில் இன்றும் மக்கள் கூடி வாழ்கிறார்களா, அல்லது எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டார்களா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பலர் போய்விட்டார்கள். இருப்புப்பாதையை ஒட்டி உயர்ந்து நின்ற மரத் தானியக் களஞ்சியங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன. 1995இல் தானியத்துக்கான இரயில் கட்டணச் சலுகை முடிவுக்கு வந்தபின் அந்தச் சரிவு விரைவடைந்தது. ஆயினும் அறுவடை முடிந்ததும் தேவாலயத்திலும் ஊர் மண்டபத்திலும் வீட்டுக்கு ஒரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து நடத்தும் பொது விருந்தும், பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டமும் இன்றும் ஊரை ஒன்றுகூட்டுகின்றன. தலைக்கட்டு வரி போட்டுப் பாரதக் கூத்து நடத்தும் நம் ஊராருக்கு அந்த விருந்தின் பொருள் எளிதில் விளங்கும்.

கேள்வி: மானிட்டோபாவில் ஊருக்கு ஊர் மக்களே எழுதிய வரலாற்று நூல்கள் இருப்பதாக அறிகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான், காவேரிப்பட்டணத்துக்கு அப்படி ஒன்றைத் தொகுக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஐயா, தாங்கள் எடுத்திருக்கும் பணி உடனே செய்யப்பட வேண்டியது. 1970இல் மானிட்டோபா நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோது, பல ஊர்களில் குழு அமைத்து, வீட்டுக்கு வீடு குடும்பக் கதைகளையும் பள்ளி வகுப்புப் புகைப்படங்களையும் திரட்டி நூலாக்கினார்கள். அவ்வகை நூல்கள் பலவற்றை மானிட்டோபா பல்கலைக்கழகம் இணையத்திலும் ஏற்றியிருக்கிறது. அவர்களிடமிருந்து அந்த உழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தை மட்டும் அவர்களைப் போல் வைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணத்தைப் பற்றி அச்சில் எளிதாகக் கிடைப்பது போர்ச் செய்தி. 1767 ஆகஸ்டில் ஐதர் அலி இரண்டு நாள் முற்றுகைக்குப் பின் அங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். செப்டம்பர் 3இல் செங்கத்தில் பெரும் சண்டை மூண்டது. அதை எழுதத்தான் வேண்டும், ஆனால் ஒரு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பெண்ணேஸ்வரமடத்தின் கோயில் கல்வெட்டுகளுக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் நடுகற்களுக்கும் மிகுதியான இடம் கொடுங்கள். ஆநிரை மீட்டு மாண்ட ஊர்க்காவலனின் பெயரையும் ஊரையும் கல்லில் வெட்டி வைத்த மக்கள் நாம்; சாமானியரின் வரலாற்றை எழுதும் வழக்கம் இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. கல்வெட்டைப் படிக்கக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தாரின் உதவியை நாடலாம். ரீடின் காலத்து ஆவணங்கள் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்ற வரிசையில் சென்னை அரசால் அச்சிடப்பட்டுள்ளன.

அடுத்து ஆறு. காமராசர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கிருஷ்ணகிரி அணை 9,012 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது; அந்த வாய்க்கால் நீர் முதன்முதலில் வயலுக்கு வந்ததை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் ஒருசிலரேனும் இருப்பார்கள், அவர்களிடம் முதலில் செல்லுங்கள். 2017 நவம்பரில் அணையின் மதகு உடைந்ததையும், 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியதையும், பெங்களூருக் கழிவுநீரால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் ஆறு நுரைத்து ஓடுவதையும் பார்த்தவர்களின் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள்.

ஊர்வாழ்வைப் பற்றிய பகுதிக்கு மகா சிவராத்திரிக்கு மறுநாள் ஆற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையும், தட்டை போன்ற நிப்பட்டு சுடும் குடும்பங்களும், மாங்கூழ் ஆலைகளில் பருவந்தோறும் வேலை செய்யும் பெண்களும் போதிய செய்தி தருவார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோரை அவரவர் மொழியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆற்றுமணலிலும் சுடுகாட்டிலும் உழைத்தவர்களின் தெருக்களுக்குச் செல்லாமல் நூலை முடித்துவிடாதீர்கள். பழைய கிரயப் பத்திரங்களையும் புகைப்படங்களையும் வாங்கிக்கொண்டு போகாமல், அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புகைப்படத்தில் இருப்போரின் பெயர்களை, வீட்டுப் பெரியவர் சொல்லச் சொல்ல, இடமிருந்து வலமாக அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.